சாவி தரும்வரை ‘வாங்க சார்’, தந்தபின் ‘நோட் பண்ணிக்கிறோம் சார்’: ஒரு வில்லா பில்டரின் வேலை எப்படி?

சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கம்–வண்டலூர் சாலைப் பக்கம் தனி வீடுகளாகக் கட்டி விற்கும் ஒரு பில்டரின் முதல் கட்ட வீடுகளைப் பற்றியது இந்த மதிப்புரை. தரைத்தளமும் ஒரு மாடியும், மூன்று படுக்கையறை, முன்னால் ஒரு கார் நிற்கும் போர்ட்டிகோ, மொட்டை மாடியில் படிக்கட்டு ஹெட்ரூம் என்று எல்லா வீடும் ஒரே அச்சு. பெயர் போடவில்லை. இங்கே வரும் குறைகளில் முக்கால்வாசி அந்த வட்டாரத்தில் இதே மாதிரி வீடு கட்டும் பலருக்கும் பொருந்தும். பெயர் தெரிந்தால் ‘அவன்தானே, நம்ம ஆள் அப்படியில்லை’ என்று பக்கத்து சைட்டில் முன்பணம் கட்டிவிடுவார்கள்.

மார்க்கை முதலில் சொல்லிவிடலாம். தூண், பீம், தளம் ஆகிய எலும்புக்கூட்டுக்குப் பத்துக்கு ஏழு. பூச்சும் டைல்ஸும் நான்கு. குழாய் வேலையும் நீர்த்தடுப்பும் மூன்று. சாவி தந்தபிறகான சேவைக்கு ஒன்று, அதுவும் கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் போனை எடுக்கிறார் என்பதற்காக.

எலும்புக்கூடு ஏன் தேறுகிறது, மற்றதெல்லாம் ஏன் தேறவில்லை என்பதற்குக் கொத்தனாரின் கைத்திறனைவிடப் பணம் கட்டும் அட்டவணைதான் பெரிய காரணம். ஒப்பந்தத்தில் உள்ள தவணையைப் பாருங்கள்: நிலப் பத்திரப் பதிவு முடியும்போது மொத்த விலையில் 45 சதவீதம் போயிருக்கும். மாடித் தளம் போட்டவுடன் 85. பூச்சு முடிந்தவுடன் 95. டைல்ஸ், குழாய்ப் பொருத்துதல், பெயின்ட், மொட்டை மாடி வேலை, வெளித்தரை எல்லாம் மிச்சமிருக்கும் 5 சதவீதத்துக்காகத்தான் நடக்க வேண்டும். கம்பியும் கான்கிரீட்டும் போடும்போது அடுத்த தவணை கண்ணெதிரே நிற்கிறது, வேலை பறக்கிறது. டைல்ஸ் ஒட்டும்போது வரவேண்டியது ஏறக்குறைய வந்துவிட்டது. இந்த வேலைகள் எல்லாம் சப்-கான்ட்ராக்ட்: டைல்ஸுக்குச் சதுர அடிக் கூலி, குழாய்க்குப் பாயின்ட் கணக்கு. வேகமாக முடித்தால்தான் அந்த ஆளுக்குக் கட்டுப்படியாகும். நீங்கள் குறை சொல்லும் நாளில் அந்த வேலையைச் செய்த ஆள் அந்த ஊரிலேயே இருக்கமாட்டார்.

காகிதத்தில் கவனிக்க வேண்டியது

விளம்பரப் பலகையில் ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டம்) எண் பெரிதாக இருக்கிறது, பொய்யும் இல்லை. ஆனால் தமிழ்நாடு ரெரா பதிவு எண்ணின் நடுவில் ‘லேஅவுட்’ என்றோ ‘பில்டிங்’ என்றோ ஒரு சொல் வரும். இந்தத் திட்டத்தில் இருப்பது லேஅவுட் எண். அதாவது மனைப்பிரிவு பதிவாகியிருக்கிறது, வீடு பதிவாகவில்லை. மனையை ஒரு பத்திரத்தில் விற்றுவிட்டு, வீட்டுக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுகிறார்கள். நாளைக்குச் சுவர் ஒழுகினால் ‘நாங்கள் விற்றது மனைதான், வீடு உங்களுக்காகக் கூலிக்குக் கட்டியது’ என்று வாதாட இது வாசல் திறந்து வைக்கிறது. பில்டிங் எண் இருந்தால் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் ரெரா இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ரெரா சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. இங்கே ‘புக்கிங்’, ‘அலாட்மென்ட்’ என்று இரண்டு பெயரில் 20 சதவீதம் கேட்கிறார்கள். கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது பரப்பளவு. பிரசுரத்தில் 1,650 சதுர அடி. அதைப் பிரித்தால்: கார்ப்பெட் பரப்பு 1,180, வெளிச்சுவர்கள் 145, பால்கனி 60, போர்ட்டிகோ 135, ஹெட்ரூம் 90, சம்ப் மற்றும் செப்டிக் டேங்க் மேல்மூடி 40. செப்டிக் டேங்க் மூடியை வீட்டுப் பரப்பில் சேர்க்கும் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். நிலம் உட்படச் சதுர அடி 6,000 ரூபாய் என்றால் 99 லட்சம். அதையே கார்ப்பெட் பரப்பால் வகுத்தால் சதுர அடி சுமார் 8,390. பக்கத்துத் திட்டத்தோடு ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணை வைத்து ஒப்பிடுங்கள். ரெரா கணக்கில் கார்ப்பெட் என்பது வெளிச்சுவர், குழாய்கள் போகும் ஷாஃப்ட், பால்கனி, திறந்த மொட்டை மாடி நீங்கலாக. ஆனால் உள் தடுப்புச் சுவர்கள் சேர்த்து. ஆகவே லேசர் டேப்பால் அறை அறையாக அளந்து கூட்டிய பிறகு, உள்சுவர்களின் நீளத்தைத் தடிமனால் பெருக்கிச் சேர்க்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சண்டைக்குப் போனால் முதல் நிமிடத்திலேயே வாயடைத்துவிடுவார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில், 750 சதுர மீட்டருக்கு உட்பட்ட, உயரம் குறைந்த சிறிய வீட்டுக் கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்று தேவையில்லை என்று விலக்கு உண்டு. தனி வீடு வாங்குபவருக்கு இது வசதிபோலத் தெரியும்; மின் இணைப்புக்கு அலைச்சல் குறைவு. மறுபக்கம் என்னவென்றால், முடிந்த வீட்டை வெளி ஆள் ஒருவர்கூட வந்து பார்ப்பதில்லை. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வருவாரே என்பார்கள். அவர் பார்ப்பது எத்தனை சதவீதம் வேலை முடிந்திருக்கிறது, அடமானத்துக்கு மதிப்பு எவ்வளவு என்பதைத்தான். குளியலறைத் தரை ஒழுகுமா என்று பார்க்க வங்கி அவருக்குப் பணம் தருவதில்லை.

குளியலறை: எல்லாப் புகாரும் இங்கிருந்துதான்

மாடிக் குளியலறைகளில் தளத்தைச் சுமார் ஓரடி இறக்கிப் போட்டிருக்கிறார்கள். சங்கன் ஸ்லாப் என்பது இதுதான். அந்தக் குழிக்குள் கழிவுக் குழாய்களை ஓட்டி, செங்கல் துண்டு போட்டு நிரப்பி, மேலே கலவை போட்டு டைல்ஸ் ஒட்டுவார்கள். டைல்ஸ் இணைப்பு வழியாகத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதை முழுக்கத் தடுக்க முடியாது. அதனால் கீழே இருக்கும் குழி, தண்ணீர்த் தொட்டி போல ஒழுகாமல் இருக்க வேண்டும்.

சரியான முறை இது. முதலில் குழியின் கான்கிரீட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, சுவரைத் துளைத்துப் போகும் குழாய்களைச் சுற்றிச் சுருங்காத கிரவுட் (இடுக்கு அடைக்கும் கலவை) அடைக்க வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலையில் கலவையால் 50 மில்லிமீட்டர் வளைவு கொடுக்க வேண்டும். அதன்மேல் பாலிமர் சிமென்ட் பூச்சு இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக, முதல் கோட் காய்ந்த பிறகே இரண்டாவது. இந்தப் பூச்சு தரையோடு நிற்கக்கூடாது; முடிந்த தரை மட்டத்துக்கு மேல் ஓரடி, ஷவர் பக்கச் சுவரில் ஆறடி வரை ஏற வேண்டும். பிறகு தண்ணீர் கட்டி 48 மணி நேரம் சோதனை. அது தேறினால் மேலே பாதுகாப்புக் கலவை, குழாய், நிரப்பல். நிரப்பியதன்மேல் சரிவோடு கலவை போட்டு, அதற்கும் ஒரு நீர்த்தடுப்புக் கோட். குழியின் அடியில் தேங்குவது வெளியேற ஒரு அங்குலக் குழாய் ஒன்றை ஷாஃப்டுக்குள் விட்டுவிட்டால் இன்னும் நல்லது. செலவு ஒன்றுமில்லை.

இந்த வீடுகளில் நடந்தது: பூச்சு ஒரே கோட், தரைக்கு மட்டும். அது காய்ந்த மறுநாள் பிளம்பர் வந்து, சிபிவிசி (தண்ணீர் வரும் பிளாஸ்டிக்) குழாய் பதிக்கச் சுவரின் அடிப்பாகத்தை உளியால் வெட்டியிருக்கிறார். வெட்டிய இடத்தில் திரும்பப் பூச்சு இல்லை. தண்ணீர் கட்டிய சோதனை 24 மணி நேரம், அதுவும் டைல்ஸ் ஒட்டிய பிறகு. டைல்ஸுக்குக் கீழே உள்ள செங்கல் நிரப்பல் தண்ணீரைக் குடித்து முடிக்கவே ஒரு நாள் ஆகும். கீழ்த்தளத்துக் கூரையில் கறை தெரியும் முன்பே சோதனை ‘பாஸ்’ ஆகிவிடுகிறது. நீங்கள் சோதிப்பதாக இருந்தால், நிரப்பலுக்கு முன்பே நின்று பாருங்கள்: வடிகாலை அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டம் குறித்து, இரண்டு நாள் கழித்து வாருங்கள். ஆவியாவதில் சில மில்லிமீட்டர் குறையும். அரை அங்குலம் குறைந்தால் ஒழுகுகிறது.

குடிபோன பிறகு இது எப்படித் தெரியும்? குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து ஓரடி ஒன்றரையடி உயரத்தில் பெயின்ட் பொங்கி, பட்டி பொடிப்பொடியாக உதிரும். வெள்ளை உப்பு பூக்கும். புகார் செய்தால் பெயின்டர் வருவார், சுரண்டுவார், பட்டி வைப்பார், பெயின்ட் அடிப்பார், போய்விடுவார். மூன்று மாதத்தில் அதே இடம் பொங்கும். சில வீடுகளில் இது நான்கு முறை நடந்திருக்கிறது. பெயின்ட் கணக்கில் மட்டும் பில்டருக்கு ஒரு நீர்த்தடுப்புப் பூச்சின் செலவு போயிருக்கும், ஆனால் தரையை உடைக்க மனம் வருவதில்லை.

தரையா குழாயா என்று வாங்கியவரே கண்டுபிடிக்கலாம். அந்தக் குளியலறையைப் பத்து நாள் பூட்டி வையுங்கள், ஆனால் தண்ணீர் வரும் வால்வைத் திறந்தே விடுங்கள். ஈரம் குறைந்து காய ஆரம்பித்தால் பயன்படுத்தும் தண்ணீர் இறங்குகிறது, கோளாறு தரையிலோ கழிவுக் குழாயிலோ. பயன்படுத்தாதபோதும் ஈரம் அப்படியே இருந்தால், எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் சிபிவிசி குழாயில் கசிவு. பெரும்பாலும் எல்போ இணைப்பில், சால்வென்ட் சரியாகத் தடவாத இடத்தில். முதல் வகைக்கு இணைப்புகளை வெட்டி எபாக்சி கிரவுட் போடுவது சில நேரம் கைகொடுக்கும். இரண்டாம் வகைக்கு எபாக்சி போடுவது தலைவலிக்குக் காலில் கட்டுப் போடுவது மாதிரி. எந்த வகை என்று சோதிக்காமலே எல்லா வீட்டுக்கும் எபாக்சி பக்கெட்டோடு வந்து நிற்கிறார்கள்.

சரிவையும் பாருங்கள். ஒரு மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் சரிவாவது வடிகாலை நோக்கி இருக்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரை வாசல் பக்கம் ஊற்றினால் போதும், எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும். இங்கே பல குளியலறைகளில் தண்ணீர் கமோடுக்குப் பின்னால் போய் நிற்கிறது. நஹானி ட்ராப்பில் (நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேக்கி வைக்கும் தரை வடிகால் கிண்ணம்) 50 மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கும் ஆழமுள்ளதைப் போடாமல் ஆழமில்லாததைப் போட்டதால், இரண்டு நாள் பயன்படுத்தாவிட்டால் தண்ணீர் வற்றி நாற்றமும் கரப்பானும் வருகின்றன.

மொட்டை மாடி

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்க்காத வீட்டை வாங்காதீர்கள் என்பார்கள் பெரியவர்கள். இந்த வீடுகள் பங்குனியில் ஒப்படைக்கப்பட்டன.

மாடிப் பரப்பு சுமார் 60 சதுர மீட்டர். மழைநீர் இறங்க இரண்டு குழாய்கள், இரண்டும் 3 அங்குலம். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு 3 அங்குலக் குழாய் சுமார் 20 சதுர மீட்டர் கூரையின் தண்ணீரைத்தான் இழுக்கும். 4 அங்குலம் என்றால் 40க்குக் கொஞ்சம் மேல். ஆக இரண்டும் திறந்திருந்தாலே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாடியில் நிற்கிறது. ஒன்றில் இலை அடைத்தால் அவ்வளவுதான். இதில் இன்னொரு கூத்து: மாடிக்குப் போகும் கதவின் நிலைப்படி, மாடித் தரைக்கு மேல் இரண்டே அங்குலம். ஆறு அங்குலம் இருக்க வேண்டிய இடம் அது. கூல் டைல்ஸ் போடும்போது கீழே கலவையும் சரிவும் சேர்ந்து தரை உயரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. நிலைக்கதவு முதலில் நின்றுவிட்டது, தரை பிறகு ஏறியது. பெருமழையில் தண்ணீர் படிக்கட்டு வழியாக ஹாலுக்கு வருகிறது. இதற்கு பில்டர் தந்த தீர்வு, கதவுக்கு அடியில் ஒட்டும் ரப்பர் பட்டை.

கைப்பிடிச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் வளைவுப் பூச்சு இருக்கிறதா, கூல் டைல்ஸ் அந்த வளைவின்மேல் ஏறுகிறதா என்று பாருங்கள். இங்கே வளைவு இருக்கிறது, ஆனால் டைல்ஸ் ஒட்டிய பிறகு மேலே போட்டது. வெயிலில் விரிந்து சுருங்கி அந்த வளைவு டைல்ஸிலிருந்து நூலளவு பிரிந்துவிட்டது. அந்த நூலளவு போதும்.

விரிசல்: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

விரிசலைப் பார்த்தவுடன் வீடு இடிந்துவிடும் என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறார்கள். எல்லா விரிசலும் ஒன்றல்ல.

பூச்சில் சிலந்தி வலை மாதிரி மெல்லிசாகப் பரவியிருந்தால் அது பூச்சுக் கலவைக் கோளாறு. பூச்சுக்குப் பி-சாண்ட் போட வேண்டிய இடத்தில் கான்கிரீட்டுக்கான எம்-சாண்டைப் போட்டாலும், சிமென்ட் கூடினாலும், தண்ணீர் ஊற்றி ஆற்றாவிட்டாலும் இது வரும். அசிங்கம்தான், ஆபத்தில்லை. தூணும் கல்சுவரும் சேரும் இடத்தில் நூல் பிடித்தது போல நேராக மேலிருந்து கீழே இறங்கும் விரிசல், இரண்டு பொருளும் வெயிலில் வேறுவேறு அளவு விரிவதால் வருவது. அந்த இணைப்பில் பூச்சுக்கு முன்பே இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் விழும்படி கோழி வலை அடித்திருந்தால் வராது. இந்த வீடுகளில் வெளிப்பக்கம் வலை இருக்கிறது, உள்பக்கம் இல்லை. வாங்குபவர்கள் சைட் பார்க்க வரும்போது கண்ணில் படுவது வெளிப்பக்கம் அல்லவா!

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், லின்டல் (ஜன்னலுக்கு மேலே உள்ள கான்கிரீட் பட்டை) சுவரில் போதிய நீளம் உட்காராததையோ, ஜன்னலுக்குக் கீழே சில் கான்கிரீட் இல்லாததையோ காட்டும். கேள்வி கேட்க வேண்டிய விரிசல் அது. தரைத்தளச் சுவரில் கல் இணைப்பு வழியாகப் படிப்படியாக ஏறும் விரிசலைத்தான் அலட்சியம் செய்யக்கூடாது. அடித்தளம் ஒரு பக்கம் அமர்வதன் அடையாளமாக இருக்கலாம். அந்தப் பக்கம் பல இடத்தில் களிமண். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமென்டால் ஒட்டி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டி, கண்ணாடி உடையாமல் கோடு நீளாமல் இருந்தால் நிம்மதி. உடைந்தால் பில்டரின் பொறியாளரை நம்பாமல் வெளியிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வாருங்கள்.

பில்டர் செய்யும் பழுது வேலை எல்லா விரிசலுக்கும் ஒன்றுதான்: பட்டி, பெயின்ட். அடுத்த சித்திரை வெயிலில் அதே கோட்டில் திறக்கும். இணைப்பு விரிசலை ‘வி’ வடிவில் பத்து மில்லிமீட்டர் வெட்டி, பாலிமர் கலவை அடைத்து, மேலே ஃபைபர் வலை ஒட்டித்தான் பூச வேண்டும்.

கீழ்த்தளத் தரை பற்றி ஒரு வார்த்தை. அடித்தளப் பீம்களுக்கு நடுவே மண் நிரப்பும்போது ஆறு முதல் எட்டு அங்குல அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். தோண்டிய களிமண்ணையே ஒரே தள்ளாகத் தள்ளியிருக்கிறார்கள். அதனால் ஹாலில் டைல்ஸ் இறங்கி ஸ்கர்ட்டிங்குக்கு அடியில் இடைவெளி தெரிகிறது. ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வரும் டைல்ஸுக்குச் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுங்கள். போர்ட்டிகோவில் பேவர் கல் கார் சக்கரத் தடத்திலேயே அமர்ந்திருக்கிறது.

மின்சாரத்தில் குறை குறைவு. ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், 16 ஆம்பியர் பாயின்டுக்கு 2.5, சமையலறையில் தாராளமாகப் பாயின்ட்டுகள். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறது, டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழுகிறது. சாக்கெட் டெஸ்டர் ஒன்றை வாங்கி எல்லாப் பாயின்டிலும் செருகிப் பாருங்கள். எர்த் வராத பாயின்ட் இரண்டு மூன்று வீட்டில் உண்டு. ஒப்படைப்புத் தேதியில் மின் இணைப்பு தற்காலிக இணைப்பாகவே இருந்தால் சாவி வாங்காதீர்கள். அந்தக் கட்டணத்தில் யூனிட் விலை வீட்டு விகிதத்தைவிட மிக அதிகம், வீடுகளுக்கு உள்ள இலவச யூனிட்டும் கிடையாது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நீங்களே ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்புகளின் அளவு) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. இதே தண்ணீரைத்தான் கலவைக்கும் ஆற்றுவதற்கும் பயன்படுத்தினார்களா என்றும் கேளுங்கள். கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 456. உப்புத் தண்ணீர் ஊர்களில் இந்தக் கேள்விக்கு பில்டர் ஒரு தாளைக் காட்ட வேண்டும், வாய்ச்சொல் போதாது. இவர்கள் காட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எலும்புக்கூட்டுக்கு ஏழு மார்க் கிடைத்தது அதனால்தான்.

ஒப்படைப்பு நாள்

ஆடி பிறக்கும் முன் பால் காய்ச்ச வேண்டும், இல்லையென்றால் ஆவணிவரை காத்திருக்க வேண்டும். இது வாங்குபவரைவிட பில்டருக்கு நன்றாகத் தெரியும். முகூர்த்தத்துக்கு நான்கு நாள் முன்பு வீடு ‘ரெடி’ ஆகும், பெயின்ட் வாசனையோடு. அன்றைக்கே ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். அதில் நடுவில் ஒரு வரி: ‘வீட்டை முழுமையாகப் பார்வையிட்டு, எவ்விதக் குறையுமின்றி முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.’ கையெழுத்துப் போட்டால் கடைசி 5 சதவீதத்தையும் கொடுத்துவிட வேண்டும், சாவி கைக்கு வரும்.

அந்த வரியை அடித்துவிட்டு, ‘இணைப்பில் உள்ள குறைகள் பட்டியலுக்கு உட்பட்டுப் பெற்றுக்கொள்கிறேன்’ என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போடலாம். முகம் சுளிப்பார்கள், ‘ஃபார்மட் மாத்த முடியாது சார்’ என்பார்கள். அப்படியென்றால் அன்றே அங்கிருந்தே அதே பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புங்கள். பட்டியல் என்றால் ‘பாத்ரூம் சரியில்லை’ என்று எழுதுவதல்ல: ‘மாடி, தென்மேற்குப் படுக்கையறைக் குளியலறை, கமோடுக்குப் பின்புறம் இரண்டடிக்கு ஒன்றரையடி இடத்தில் தண்ணீர் தேங்குகிறது’ என்று எழுத வேண்டும். படத்தில் டேப் தெரிய வேண்டும்.

பிறகு தொடங்குவது கஸ்டமர் கேர் படலம். ‘டீம்கிட்ட சொல்லிட்டேன் சார், திங்கட்கிழமை வந்துருவாங்க.’ எந்தத் திங்கட்கிழமை என்பதில்தான் விஷயம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த நாற்காலியில் ஆள் மாறுகிறார். புது ஆளுக்குப் பழைய பேச்சு எதுவும் தெரியாது. போனில் பேசியது காற்றோடு போச்சு. ஆகவே பேசிய ஒவ்வொரு முறையும் ‘இன்று இன்னார் இப்படிச் சொன்னார்’ என்று ஒரு வரி மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.

இவர்கள் தரும் உத்தரவாதத் தாளில் ‘ஓராண்டு, கட்டமைப்புக்கு மட்டும்’ என்று இருக்கிறது. ரெரா சட்டத்தின் 14ஆம் பிரிவு மூன்றாம் உட்பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டமைப்பிலோ, வேலைத்திறனிலோ, தரத்திலோ குறை இருப்பதாகத் தெரிவித்தால், 30 நாளுக்குள் கட்டணமில்லாமல் சரிசெய்ய வேண்டும். ஒழுகும் குளியலறை வேலைத்திறன் குறைதான். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பட்டியலோடு பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பினால், அதுவரை கிடைக்காத ‘டீம்’ சில வீடுகளுக்கு ஒரே வாரத்தில் வந்தது. அதிலும் வராவிட்டால் தமிழ்நாடு ரெராவில் மனு: ஆணையத்துக்குப் படிவம் ‘எம்’, இழப்பீடு கேட்டுத் தீர்ப்பு அலுவலரிடம் போவதானால் படிவம் ‘என்’. ஒப்படைப்புத் தாமதத்துக்கு 18ஆம் பிரிவில் வட்டி கேட்கலாம். தமிழ்நாட்டு விதியில் அது ஸ்டேட் வங்கியின் எம்சிஎல்ஆர் (கடனுக்கான அடிப்படை வட்டி) விகிதத்தோடு 2 சதவீதம்.

லேஅவுட் எண் மட்டும் இருக்கும் இந்தத் திட்டத்தில், வீட்டுக் குறைக்கு ரெராவை மட்டும் நம்பியிருக்காமல் நுகர்வோர் ஆணையத்தையும் மனதில் வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ‘சேவை’ என்றே வருகிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். வழக்குக் காரணம் எழுந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பெயின்டர் நான்கு முறை வந்துபோவதற்குள் இந்தக் காலம் கரைந்துவிடும்.

வாங்கலாமா என்றால், கட்டி முடித்து ஒரு மழைக்காலம் தாண்டிய வீடு மறுவிற்பனைக்கு வந்தால் தாராளமாகப் பாருங்கள். இடம் நல்ல இடம், எலும்புக்கூடு நல்ல எலும்புக்கூடு, வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திர நகல் எல்லாம் கேட்டவுடன் தருகிறார்கள், முன்கதவு உண்மையான தேக்கு. புது வீடு என்றால் கடைசித் தவணையை 5 சதவீதத்திலிருந்து 15 ஆக்கி, அதில் 5 சதவீதத்தைச் சாவி வாங்கி ஆறு மாதம் கழித்துத் தருவதாக எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். இரண்டு வீட்டுக்காரர்கள் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அந்த இரண்டு வீட்டில் மட்டும் குளியலறைத் தரை உடைத்துத் திரும்பப் போடப்பட்டிருக்கிறது. இரண்டாம் கட்ட வேலை இப்போது நடக்கிறது. மாடியில் மழைநீர்க் குழாய் 4 அங்குலமாக மாறியிருக்கிறது. மாடிக் கதவின் நிலைப்படி இன்னும் அதே உயரம்தான்.